ஆஃபர் கொடுத்தவர்கள் சொல் தவறலாமா?

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு சாலைகளில் பொறியியல் கல்லூரிகளின் ஃபிளெக்ஸ் பேனர்கள் எழுந்துவிடும். கேம்பஸ் இண்டர்வியூவில் தேர்வான மாணவர்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், கீழே நிறுவனத்தின் பெயர், ஆண்டுச் சம்பளம். போர்வெல் ரிக் வண்டி ஓட்டுபவரும் விசைத்தறியில் நிற்பவரும் அந்தப் படங்களை நம்பித்தான் பிள்ளையை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கிறார்கள். படத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்பது மட்டும் பேனரில் இருக்காது.

2022-ல் படிப்பை முடித்தவர்களுக்கு இன்ஃபோசிஸ் ஆஃபர் லெட்டர் கொடுத்தது. அவர்களில் ஏறக்குறைய 2,000 பேருக்கு இரண்டு ஆண்டுகளாக வேலை தரப்படவில்லை என்று ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ் 2024-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் செய்தது. ஒருவழியாக மைசூரு பயிற்சி வளாகத்துக்குப் போனவர்களிலும் ஒரு பகுதியினர் 2025 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டனர். 300 பேருக்குச் சற்று அதிகம் என்றது நிறுவனம்; 700 பேர் என்றது நைட்ஸ். மூன்று வாய்ப்பு கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை, ஒப்பந்தத்திலேயே அந்த நிபந்தனை உண்டு என்பது நிறுவனத்தின் விளக்கம்.

விளக்கம் சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். நியாயத்துக்குப் போதாது. தகுதியைச் சோதிக்கத்தானே கேம்பஸ் இண்டர்வியூ நடந்தது? படித்த சூட்டோடு வேலைக்கு எடுக்காமல் ஆண்டுக்கணக்கில் காக்க வைத்துவிட்டு, அதன்பின் பரீட்சை வைத்து வெளியே அனுப்புவது அநீதி.

காத்திருப்பின் விலையைக் கொடுப்பது குடும்பம். கல்விக்கடனுக்குப் பொதுவாக, படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் வங்கி அவகாசம் தருகிறது. 2022-ல் முடித்தவருக்கு 2023-லேயே தவணை வந்து நிற்கும். நிறுவனம் ஜாயினிங் தேதியைத் தள்ளிப்போடலாம். வங்கி தவணைத் தேதியைத் தள்ளிப்போடாது. வேறு இண்டர்வியூவுக்குப் போனாலோ, இரண்டு வருஷம் என்ன செய்தாய் என்பதே முதல் கேள்வி. பையனிடம் சொல்லப் பதில் ஏது? கம்பெனி கூப்பிடும் என்று காத்திருந்ததைத் தவிர அவன் செய்த குற்றம் என்ன?

கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு மாணவருக்கு ஒரே ஆஃபர் என்று விதி வைத்து, தேர்வானவரை அடுத்த நிறுவனத்தின் நேர்காணலில் உட்காரவிடாத கல்லூரிகள் பல. ஆஃபர் காகிதத்தோடு நின்றுபோனால் அந்த மாணவருக்காக யாரும் நிறுவனத்திடம் கேட்பதில்லை. அடுத்த ஆண்டும் அதே நிறுவனம் வளாகத்துக்கு வரவேண்டுமே!

ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் வேலையிலேயே சேராதவருக்கு எந்தச் சங்கம்? ஆஃபர் லெட்டரில் ஜாயினிங் தேதி கட்டாயமாக்கப்பட வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் மாதந்தோறும் உதவித்தொகை தரப்பட வேண்டும். உள்தேர்வு ஏதேனும் இருந்தால் அதன் தேர்ச்சி மதிப்பெண்ணை ஆஃபரிலேயே எழுதட்டும். அரசு இதற்கு விதி செய்ய வேண்டும்.

பெற்றோரே, இந்த ஆண்டு சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன், அந்த பேனரில் இருப்பவர்களில் எத்தனை பேர் இன்று சம்பளம் வாங்குகிறார்கள் என்று கல்லூரியில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.