சாம்பலும் யூரியாவும்

உடன்குடிப் பக்கத்துக் கிராமங்களில், காலைப் பனி காயுமுன்னே கத்தரிச் செடிக்கும் அவரைக் கொடிக்கும் அடுப்புச் சாம்பலைத் தூவும் பாட்டிமாரை நம்மிற் பலர் பார்த்திருக்கிறோம். அசுவினி மொய்த்த கொழுந்து அதனால் தேறியதையும் பார்த்திருக்கிறோம். பார்த்தும், நாலெழுத்து இங்கிலீஷ் படித்த கர்வத்தால் அதைக் கிழவி வைத்தியமென்று நகைத்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளுகிறோம். அந்நகைப்பு எத்துணைப் பேதைமை என்பதை இன்று சாஸ்திரமே எடுத்துரைக்கின்றது.

பூச்சியைக் கொல்லுவது ஒரு வழி. பூச்சிக்கு இணங்காத பயிரை வளர்ப்பது மற்றொரு வழி. இரண்டாவதற்கு வேண்டுவன தாதுப்பொருள்கள். அவற்றுள் நெற்பயிருக்குத் தலையாயது சிலிக்கா. நெல் இதை உண்பதுபோல வேறெந்தத் தானியமும் உண்பதில்லை. ஹெக்டேருக்கு ஐந்து டன் விளையும் வயலிலிருந்து 230 முதல் 470 கிலோ வரை இச்சத்தின் மூலப்பொருளாகிய சிலிக்கன் வெளியேறி விடுகிறது. இதை உள்வாங்குவதற்கென்றே நெல்லின் வேரில் தனி வாயில் அமைந்திருப்பதை ஜப்பானில் உள்ள அறிஞர்கள் 2006இல் கண்டறிந்தனர். உட்சென்ற சிலிக்கா இலையின் புறத்தோலிலும் தண்டின் சுவரிலும் கண்ணாடித் துகள்போற் படிகின்றது. அதைக் கடிக்கும் புழுவின் தாடை தேய்கின்றது. குருத்துப்பூச்சியின் குஞ்சுப் புழு தண்டைத் துளைத்து உட்புக நெடுநேரம் போராட வேண்டியதாகிறது. வெளியிலேயே அது தங்கும் அந்நேரத்தில் சிலந்தியும் எறும்பும் தம் வேலையை முடித்துக் கொள்ளுகின்றன.

உடன்குடியார் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும். மணல் என்பதே சிலிக்காதானே, நமது தேரி முழுவதும் அதுதானே என்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் மணலிலுள்ள சிலிக்கா எளிதில் நீரிற் கரையாது. கரையாததைப் பயிர் குடிக்காது. கடலருகே நின்று தாகத்தால் வாடுபவன் நிலைதான் தேரியில் நிற்கும் செடியின் நிலை. மேலும் அம்மணல் சாம்பல் சத்தையும் பிடித்து வைப்பதில்லை. ஒரு பெருமழையில் வேருக்குக் கீழே இறங்கி விடுகின்றது. பொட்டாசியத்திற்குச் சாம்பல் சத்தென்று தமிழர் இட்ட பெயரே பாட்டிமாரின் கட்சிக்கு நல்ல சாட்சியம். அச்சத்துக் குறைந்த செடியின் சாற்றில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் தேங்கி நிற்கும். சாறுறிஞ்சும் பூச்சிக்கு அது விருந்து.

உடன்குடிக்கு வடக்கே ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணி பாயும் நன்செய்களைப் பார்ப்போம். அறுவடையானதும் வைக்கோல் வண்டியேறிப் போகின்றது. நெல் ஆலைக்குப் போகின்றது. அங்கே உமி கொதிகலனில் எரிகின்றது. நூறு கிலோ உமியை எரித்தால் ஏறக்குறைய 20 கிலோ சாம்பல் மிஞ்சும். அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா! வயலிலிருந்து போன பொருள் ஆலை வாசலில் குப்பையாய்க் கிடக்க, வயலோ வெறுமையாய்க் கிடக்கின்றது. ஜப்பானியர் உருக்காலைக் கசடைக்கூட வீணாக்காது, 1955 முதல் அதைச் சிலிக்கேட் எருவாக ஏற்று நெல்வயலுக்கு இட்டு வருகின்றனர்.

வெறுமையான வயலுக்கு நம் குடியானவர் இடுவது என்ன? யூரியா. அவரைக் குறை கூறுவது பொருந்தாது. குற்றம் விலை வைத்தவர்களுடையது. 2010இல் மத்திய சர்க்கார் உர மானியத்தைச் சத்தின் அளவைக்கொண்டு வழங்கத் தீர்மானித்தபோது, யூரியாவை மட்டும் அத்திட்டத்திற்குப் புறம்பாக வைத்தார்கள். ஏனைய உரங்களின் விலை ஏறிற்று. யூரியாவோ 45 கிலோ மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சின் செலவும் நீங்கலாக, 242 ரூபாய்க்குக் கிடைக்கின்றது. பொட்டாஷ் உரத்துக்கோ நாம் ஏறத்தாழ முழுவதும் கனடா, ரஷ்யா முதலிய அயல்நாடுகளையே நம்பியிருக்கிறோம். மலிவானதை மிகுதியாக இடுவது மனித இயல்பு. பயிர் கருகருவென்று தழைக்கின்றது. அத்தழைப்பைக் கண்டு புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வருகின்றன. அவற்றைக் கண்டு மருந்து வியாபாரி வருகிறார். முதலில் தழைச்சத்துக்கு மானியம் கொடுத்து, பின்பு அதனால் வந்த பூச்சிக்குக் குடியானவரைக் கடன்பட்டு விஷம் வாங்கச் செய்வது எந்த ஊர்ப் பொருளாதாரம்?

விஷமாவது காத்ததா? 1973-74இல் கேரளத்துக் குட்டநாட்டில் புகையான் செய்த அழிவை அறிந்தோர் அறிவர். இந்தோனேஷியாவில் மருந்தடிக்க அடிக்கப் புகையான் பெருகிற்று. அதைத் தின்னும் சிலந்திகளே முதலில் மாண்டன. 1986இல் அந்நாட்டு சர்க்கார் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடுத்தனர். அதனால் நெல் விளைச்சல் குன்றிவிடவில்லை.

சாம்பல் சஞ்சீவியென்று நாம் சொல்ல வரவில்லை. புகையான் வயல் முழுதும் பரவிய பிறகு சாம்பலைத் தேடி ஓடுவதில் பயனில்லை. அது முன்கூட்டியே அடியுரமாக இட வேண்டியது. யூரியாவோடு கலந்து இட்டால் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும். களர் நிலத்தில் மண்ணைச் சோதியாமல் இடலாகாது. அடங்கிய நெருப்பில் வெந்த கரிய உமிச்சாம்பலே எளிதிற் கரையும். கடுஞ்சூட்டில் வெளுத்துப் போனது அவ்வளவு கரையாது. இன்னொன்று: உடன்குடியில் தலா 660 மெகாவாட்டில் இரண்டு அலகுகளுடன் அனல் மின்நிலையம் எழுந்திருக்கின்றது. நிலக்கரிச் சாம்பலிலும் சிலிக்கா உண்டென்று சொல்லி அதை வயலுக்குத் தள்ள நாளை எவரேனும் வரக்கூடும். அதில் ஆர்சனிக் முதலிய நஞ்சுகளும் உண்டு. உமிச்சாம்பல் வேறு, நிலக்கரிச் சாம்பல் வேறு.

வல்லநாட்டுக்கு அருகே கிள்ளிகுளத்தில் வ.உ.சி. பெயரால் விளங்கும் வேளாண்மைக் கல்லூரி இந்த ஜில்லாவிலேயே இருக்கின்றது. அதன் ஆசிரியர்கள் வரும் பிசானப் பருவத்தில், ஏரலிலும் ஆத்தூரிலும் குடியானவர்களின் சொந்த வயல்களில், உமிச்சாம்பல் இட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் அருகருகே வைத்துக் காட்டட்டும். குருத்துப்பூச்சி தின்ற தூர்களை ஊரார் முன்னிலையில் எண்ணட்டும். உடன்குடித் தேரியில் முருங்கைக்கும் மிளகாய்க்கும் சாம்பல் சத்துக் கொடுத்து அவ்வாறே செய்யட்டும். சாம்பலை ஆலையிலிருந்து வயலுக்குக் கொண்டுவரும் வண்டிக் கூலியைக் கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் சர்க்கார் ஏற்கட்டும். யூரியாவுக்குச் செலவிடும் மானியத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதைச் சட்டசபையில் நம் ஜில்லா அங்கத்தினர்கள் மந்திரியைக் கேட்கலாம்.