உறைக்குள் என்ன வைப்பது?



முதற் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, திருமணம் என ஒரே மாதத்தில் மூன்று அழைப்பிதழ்கள் வந்து சேரும் வீடுகள் ஸ்காபரோவில் ஏராளம். உறையொன்றுக்கு 100 டொலர் என்றாலும் 300 டொலர். வேலை நேரம் குறைக்கப்பட்ட குடும்பத்திற்கு அது பல வார உணவுச் செலவு. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஓராண்டில் மட்டும் ரொறன்ரோ மக்கள் உணவு வங்கிகளை 34 இலட்சத்துக்கும் அதிகமான தடவைகள் நாடியதாக டெய்லி பிரெட் உணவு வங்கி அறிவித்தது. அவ்வரிசையில் நின்றவர், சனிக்கிழமை மாலை பட்டுடுத்து எமக்கு அருகில் விருந்துக்கு அமர்ந்திருக்கவும் கூடும்.

'அவர்கள் எமக்கு 150 தந்தார்கள், நாம் எப்படிக் குறைத்துக் கொடுப்பது?' என்ற கேள்வியே பலரைக் கடனட்டையிடம் அனுப்புகிறது. தமிழகத்தின் புதுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடைபெறும். கொடுத்த தொகை ஏட்டில் எழுதப்படும். வாங்கியவர் தமது முறை வரும்போது அதனைச் சற்றுக் கூட்டித் திருப்புவார். அது வட்டியில்லாக் கடன் என்பதை அவ்வூரார் ஒளிப்பதில்லை. சேர்ந்த பணத்தில் தொழில் தொடங்குவோரும் உளர். நாமோ கடனுக்கு அன்பளிப்பு என்று பெயரிட்டு, அதனை மண்டப வாடகையிலும் மலர் அலங்காரத்திலும் கரைத்து விடுகிறோம்.

எம்மிடம் வேறொரு வழக்கமும் உண்டு. சித்திரைப் புத்தாண்டில் பெரியவர்கள் வெற்றிலையில் நாணயம் வைத்துத் தரும் கைவிசேடத்தை எவர் எண்ணிப் பார்த்தார்? கொடுத்த கையின் ராசியையே பார்த்தோம்.

ஆதலால் தொகையைக் குறைக்கத் தயங்க வேண்டியதில்லை. தேவை அறிந்து கொடுத்தாற் போதும். அண்மையில் வந்திறங்கிய குடும்பத்திற்குச் சுவர்க் கடிகாரம் எதற்கு? (பிரிக்கப்படாத தேநீர்க் கோப்பைப் பெட்டிகள் எத்தனை என்பதை எம்மவர் வீட்டு நிலக்கீழ் அறைகளே அறியும்.) பிள்ளைக்குப் பனிச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். காலளவை முன்னரே கேட்டறிந்து சற்றுப் பெரிதாக வாங்குங்கள். தடித்த காலுறைக்கு இடம் வேண்டும். 40 டொலர் ஏற்றிய பிரெஸ்ரோ அட்டை, பயணமொன்றுக்கு 3 டொலர் 30 சதம் என்ற கணக்கில் 12 பயணங்களுக்குப் போதுமானது. பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள் ரி.ரி.சி.யில் இலவசமாகச் செல்லலாம் என்பதால், அட்டை வேலை தேடி அலையும் பெற்றோருக்கே பயன்படும்.

பிறந்தநாளுக்குரிய நல்ல அன்பளிப்பு, ஆர்.ஈ.எஸ்.பி. எனப்படும் கல்விச் சேமிப்புத் திட்டமாகும். பெற்றோர் அதில் இடும் ஒவ்வொரு 100 டொலருக்கும் அரசு குறைந்தது 20 டொலர் சேர்க்கிறது. இவ்வுதவி 1998 முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு 2,500 டொலர் வரையான சேமிப்புக்கு இது கிடைக்கும். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களில் 2004 இலும் அதன் பின்னரும் பிறந்த பிள்ளைகளுக்குக் கற்றல் பத்திரம் என்ற பெயரில் 2,000 டொலர் வரை கிடைக்கக்கூடும். இதற்குப் பெற்றோர் ஒரு சதமேனும் இட வேண்டியதில்லை. கணக்குத் திறக்கப் பிள்ளைக்குச் சமூகக் காப்புறுதி இலக்கம் இருக்க வேண்டும். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, பேபி போனஸ் என நாம் அழைக்கும் கொடுப்பனவைப் பெறத் தொடங்கியவர்கள் இதனைத் தவறாமல் விசாரித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்க இயலாத மாமாவோ சித்தியோ, ஆங்கிலம் தயங்கும் அப்பெற்றோருடன் ஒரு மணி நேரம் வங்கிக்குச் சென்று வந்தால், அதுவும் அன்பளிப்பே.

ஓர் எச்சரிக்கை. சில குழுத் திட்டங்களில் சேர்வுக் கட்டணத்தைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுவர். இடையில் விலகினால் அது திரும்பாது. வீடு தேடி வரும் முகவர் சொந்தக்காரரே ஆயினும், ஒப்பமிடுமுன் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

விழா நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். அழைப்பிதழின் அடியில் 'அன்பளிப்புகள் பிள்ளையின் கல்விச் சேமிப்பைச் சேரும். தொகை எதுவாயினும் மகிழ்ச்சி' என ஒரு வரி சேருங்கள். 20 டொலருடன் வருபவரும் தயங்காது படியேறுவார்.