பபூனைக் கூப்பிடுங்கள்

சில வருடம் முன்பு சென்னை எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஒரு காமெடி நிகழ்ச்சி பார்த்தேன். 1896-ல் வெள்ளைக்காரன் கட்டிய அரங்கம். ஒரு பையன், ஒரு மைக், அவ்வளவுதான். "ஸ்டாண்டப் தாத்தா" என்றான் பேரன். அட, இது நம்ம ஸ்பெஷல் நாடகத்து பபூன்தானே! ராஜா வருவதற்கு முன்னால் தனியாக வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பாரே, அவரேதான்.

ஆனால் பபூன் முன்வரிசையில் இருக்கிற ஊர்த் தலைவரையே வாருவார். தலைவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். இந்தப் பையனோ அப்பா, அம்மா, ஹாஸ்டல் சாப்பாடு தாண்டி நகரவில்லை. வீடியோ எடுக்காதீங்க என்று வேறு கெஞ்சினான்.

2021 ஜனவரியில் இந்தூரில் முனாவர் ஃபரூக்கி கைதாகி, ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்த செய்தியைப் படித்தபோதுதான் அந்தக் கெஞ்சல் புரிந்தது. 1968-லேயே சோ 'முகமது பின் துக்ளக்' போட்டு அரசியல்வாதிகளைக் கிழித்தார். சபா சபாவாக நடந்தது. இப்போது அரை நிமிடத் துண்டு வீடியோ போதும், ஆளை உள்ளே தள்ள.

நம்ம கணியூர் நோம்பிக்கு வருசா வருசம் ஆர்கெஸ்ட்ராதான். கமிட்டித் தம்பிகளே, அடுத்த தடவை மதுரைப் பக்கமிருந்து ஒரு நாடகக் குழுவைக் கூப்பிடுங்கள். செல்போனைப் பையில் போட்டுவிட்டு உட்காருவோம். முதலில் இந்த வாத்தியாரையே வாரட்டும். என் பிரம்பைப் பற்றி ஊரில் கதைக்கா பஞ்சம்?