விளையாட்டு அறிவியலும் தறிக்குழியும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் நோயைப் பற்றிய பேச்சோடு படிப்பைப் பற்றிய பேச்சும் சேர்ந்துகொள்வது வழக்கம். மூட்டு வலிக்கு மருந்து எழுதி வாங்கியவர், சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்த பின்னும் எழுந்து போக மாட்டார். "ஏனுங்க டாக்டர், புள்ளை விளையாட்டு அறிவியல்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க. அதைப் படிச்சா ஆஸ்பத்திரியில வேலை கெடைக்குமுங்களா, இல்லே பி.டி. வாத்தியார் வேலைதானுங்களா?" என்று கேட்பார். அடுத்த நோயாளி வாயிலில் காத்திருக்கும்போது இரண்டு நிமிடங்களில் சொல்லி முடிக்கக்கூடிய விடை இதற்கு இல்லை. ஆகவே இம்மடலில் எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோயிலிருந்தும் விபத்திலிருந்தும் மீண்டவர்களைப் பழைய வாழ்க்கைக்குத் திருப்பும் மறுவாழ்வுப் பணிக்கு, உடற்பயிற்சி அறிவியலும் விளையாட்டு அறிவியலும் உறுதியான அடித்தளம் தருபவை. அவற்றைக் கற்றவர்கள் நம் மருத்துவமனைகளுக்குத் தேவை. ஆயினும் நம் நாட்டில் அப்பட்டம் ஒருவரை இயன்முறை மருத்துவர் ஆக்கிவிடாது. பெற்றோர் பலருக்கு இந்த இரண்டாம் பகுதியை யாரும் சொல்வதில்லை. மருத்துவர்களாகிய நாங்களோ முதற்பகுதியையே நெடுநாள் உணராமல் இருந்தோம்.

உணர வைத்தவர் ஒரு நெசவாளர். சென்னிமலைப் பக்கம் ஐம்பது வயதைக் கடந்தவர். நினைவு தெரிந்த நாள் முதல் குழித்தறியில் போர்வை நெய்து வருபவர். மாரடைப்பு வந்து, அடைப்பு நீக்கப்பட்டு, ஸ்டென்ட் பொருத்தப்பட்டு வீடு திரும்பினார். அவருக்கு நாங்கள் கொடுத்த விடுவிப்புச் சீட்டில் மருந்துகளின் பெயர், அளவு, வேளை எல்லாம் பிழையின்றி இருந்தன. கடைசி வரியில் மட்டும் "ஓய்வு எடுக்கவும், நடைப்பயிற்சி செய்யவும்" என்று எழுதியிருந்தோம். எவ்வளவு ஓய்வு, எவ்வளவு நடை, எந்த வேகம், எப்போது கூட்டுவது, எந்த அறிகுறி தோன்றினால் நிறுத்துவது என்று ஒன்றும் இல்லை. ஒரு மாத்திரையை இப்படி அளவில்லாமல் எழுதிக் கொடுத்திருந்தால் மருந்தாளுநர் சீட்டைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அவர் அந்த வரியின் முதற்பாதியை மட்டும் கடைப்பிடித்தார். வீட்டார் அன்பினால் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் தறியில் உட்கார்ந்தவர், சிறிது நேரம் நெய்துவிட்டு எழ முயன்றபோது குழியிலிருந்து ஏற முடியாமல் மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. இதயத்தில் மீண்டும் கோளாறு என்று பயந்து எங்களிடம் ஓடி வந்தார்கள். பரிசோதித்தோம். இதயம் நன்றாகவே இருந்தது. தொடைகள்தாம் இளைத்துப் போயிருந்தன.

படுக்கை உடலை என்ன செய்யும் என்பது அறிவியலுக்குப் புதிய செய்தி அன்று. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு அந்த மூன்று வாரத்தில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த இழப்பே பெரிது என்று கண்டார்கள். அவர்கள் நோயற்ற இளைஞர்கள். நம் நெசவாளரோ மாரடைப்பு கண்டவர். அவர் படுத்திருந்ததோ நான்கு மாதம்.

உடற்பயிற்சி அறிவியல் கற்ற ஒருவர் எங்களோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? முதலில் அவருடைய தறியைப் போய்ப் பார்த்திருப்பார். குழித்தறியில் கால்கள் குழிக்குள் மாறி மாறி மிதிக்கின்றன. ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட விடுகிறது. மறு கை பலகையை இழுத்து அடிக்கிறது. முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. இது பெரும்பாலும் கையும் தோளும் செய்யும் வேலை. ஒரே அளவு வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுதலாக உயரும் என்பது உடற்பயிற்சி உடலியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. அப்படியானால் நடைப்பயிற்சி மட்டும் ஒரு நெசவாளரைத் தறிக்கு ஆயத்தம் செய்யாது. எம்.பி.பி.எஸ்.ஸிலும் அதன் பின் முதுநிலையிலும் பல ஆண்டுகள் இதயத்தைப் படித்த எங்களுக்கு இந்தக் கணக்கு அன்று தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பின்பு அவர் அளந்து பார்த்திருப்பார். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்கிறார், அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை எழுகிறார் என்பவற்றை அறிய நிறுத்துக் கடிகாரமும் நாற்காலியும் அளந்து குறியிட்ட தாழ்வாரமும் போதும். அந்த அளவிலிருந்து வாரந்தோறும் சிறிது சிறிதாகச் சுமையைக் கூட்டுவார். இவ்வாறு படிப்படியாகச் சுமையேற்றும் முறையை மருத்துவத்துக்குள் வலுவாகக் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். இளமையில் நோயுற்றுப் படுத்தவர், எடை தூக்கிப் பயின்று உடலைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்ட வீரர்களுக்கு அதே முறையைக் கையாண்டு 1945இல் எழுதி வெளியிட்டார். பளுதூக்கும் கூடத்தில் பிறந்த முறைதான் இன்று மூட்டு அறுவைக்குப் பின் நீங்கள் செய்யும் பயிற்சிகளுக்குள் இருக்கிறது. விளையாட்டுப் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன உறவு என்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்ல விரும்புகிறோம்.

இனி எச்சரிக்கைக்கு வருகிறோம்.

பிள்ளைகள் கைப்பேசியில் படிக்கும் வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே இயன்முறை மருத்துவம் என்பது ஒரு பட்டம் பெற்ற பின் சேரும் மேற்படிப்பு. ஆகவே நான்கு ஆண்டு உடற்பயிற்சி அறிவியல் படித்துவிட்டு அதில் நுழைவது அங்கே பலரும் செல்லும் பாதை. "மறுவாழ்வுப் பணிக்கு முன்படிப்பு" என்று அங்கே சொல்வது முற்றிலும் உண்மை. நம் நாட்டில் பாதை வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர் நேரே பி.பி.டி. எனும் இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டத்தில் சேர்கிறார். அதன் முதுநிலையான எம்.பி.டி.யில் சேரப் பி.பி.டி. முடித்திருக்க வேண்டும். உடற்பயிற்சி அறிவியலில் பட்டம் பெற்றுவிட்டு அதன்வழி எம்.பி.டி.க்குள் செல்ல முடியாது. இதை அறியாமல் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் அறிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்த ஒரு மாணவியை நாங்கள் அறிவோம். ஆண்டுகள் போயின. தந்தை தறிக்கூலியில் சேர்த்த பணமும் போயிற்று.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் இயன்முறை மருத்துவம் ஒரு தனிப் பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. உடற்பயிற்சி அறிவியலுக்கு அத்தகைய தனிப் பிரிவு இல்லை. ஆஸ்திரேலியாவிலோ முறையாகச் சான்று பெற்ற உடற்பயிற்சி உடலியலாளர் மருத்துவக் குழுவில் ஓர் உறுப்பினர். நாள்பட்ட நோயாளியைக் குடும்ப மருத்துவர் அவரிடம் அனுப்பினால், ஆண்டுக்குச் சில அமர்வுகளுக்கு அரசுக் காப்பீடே உதவுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே நம் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டும்.

எனவே மகளோ மகனோ நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்யத்தான் விரும்புகிறார் என்றால், பி.பி.டி.யில் சேர்த்துவிடுங்கள். விளையாட்டு அறிவியலில் உள்ள ஆர்வம் வீணாகாது, எம்.பி.டி.யில் விளையாட்டு இயன்முறை மருத்துவம் சிறப்புப் பாடமாகவே உண்டு. உடல் எவ்வாறு உழைக்கிறது, எவ்வாறு களைக்கிறது, எவ்வாறு தேறுகிறது என்பதை அளந்து ஆராய்வதில்தான் பிள்ளைக்கு நாட்டம் என்றால் உடற்பயிற்சி அறிவியல் நல்ல படிப்பு. அதற்கு நம் மாநிலத்திலேயே இடங்கள் உள்ளன. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில், 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியலில் இளநிலைப் பட்டப்படிப்பு உண்டு. அருகிலேயே மருத்துவமனை இருப்பது அங்குப் படிப்பவர்க்கு வாய்ப்பு. உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான படிப்பு இவற்றிலிருந்து வேறானது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் விண்ணப்பிக்கும்போதே வேறுபாட்டைக் கேட்டறியுங்கள். (பி.டி. வாத்தியார் வேலையை நாங்கள் தாழ்வாகச் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் முழங்கால் முறிந்து மீண்டும் ஓடியது பள்ளி உடற்கல்வி ஆசிரியரால்தான்.)

இந்த எச்சரிக்கையில் நோயாளிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. சில வாரப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொண்டு, முதுகுத் தட்டு அறுவை செய்து ஒரு மாதமே ஆன இளைஞரைப் பளு தூக்க வைத்த உடற்பயிற்சிக் கூடம் ஒன்றைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டது, அந்த இளைஞர் மீண்டும் வலியோடு எங்களிடம் வந்தபோது. நம் நெசவாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். இருநூற்றிருபதிலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் வாய்பாடு பல உடற்பயிற்சிக் கூடங்களில் புழக்கத்தில் உண்டு. மாரடைப்புக்குப் பின் பலருக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத் துடிப்பை உயர விடாது. அந்த மாத்திரை உண்பவரை வாய்பாட்டின் எண்ணை எட்டச் சொல்லி விரட்டினால் ஆபத்து. ஆறு மாதச் சான்றிதழில் இது இருக்காது; முறையான பட்டப்படிப்பில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் பயிற்சியின்போதும் அதன் பின்னும் சர்க்கரை தாழ்ந்து மயங்கக்கூடும் என்பதும் அப்படியே.

அப்படிப்பட்ட முறையான பட்டதாரிகளுக்கு நம் பகுதி மருத்துவமனைகளில் இடம் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் வகுக்கும் எல்லைக்குள், அவர்கள் மேற்பார்வையில், சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் இடைக்காலத்தை இவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அந்த இடைக்காலத்துக்குப் பொறுப்பாளர் இல்லை. அறுவைக்குப் பின் சில வாரம் இயன்முறை மருத்துவம் நடக்கிறது. வலி குறைந்ததும் நோயாளி வருவதை நிறுத்திவிடுகிறார். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறதே என்பது அவர் கவலை; அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதன் அடுத்த படியாக, தறிக்கூடத்துக்கும் விசைத்தறிப் பட்டறைக்கும் பெருந்துறைத் தொழிற்சாலைகளுக்கும் சென்று, அந்தந்த வேலைக்கு ஏற்றபடி உடலைத் தேற்றும் ஆட்கள் வர வேண்டும். இயன்முறை மருத்துவர்களுள் சிலர் இதைத் தங்கள் பணிக்குப் போட்டி என்று கருதுகிறார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எல்லையை முதலில் எழுத்தில் வகுக்க வேண்டும் என்கிறோம்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தொழிலுக்குத் திரும்புவது வரை சிகிச்சையே என்ற எண்ணம் அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் மாநிலத்தில் வேர்விட்டிருக்கிறது. கொங்குப் பகுதிக்கு அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

நம் நெசவாளருக்கு, தாமதமாகத்தான் என்றாலும், எங்கள் இயன்முறை மருத்துவரோடு அமர்ந்து அளவோடு கூடிய சீட்டு ஒன்று எழுதினோம். நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், பின்பு சிறு எடையை இழுத்தல், பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு வேகம். தறியில் முதலில் கால் மணி நேரம். மூன்று மாதத்தில் அவர் அரை நாள் நெய்யத் தொடங்கினார். அண்மையில் வந்தபோது, மலைக்கோயிலின் 1320 படிகளையும் ஏறலாமா என்று கேட்டார். முதலில் அறுபது படி ஏறி இறங்கி, எப்படி இருந்தது என்று வந்து சொல்லுங்கள் என்றோம்.

அடுத்த முறை வீடு திரும்பும்போது உங்கள் விடுவிப்புச் சீட்டின் கடைசி வரியைப் பாருங்கள். "நடக்கவும்" என்று மட்டும் இருந்தால் எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று எங்களிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள், கல்லூரியின் விவரக் கையேட்டையும் எடுத்து வாருங்கள். மாணவர்கள் எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம், யார் மேற்பார்வையில் பயிற்சி பெறுகிறார்கள் என்ற பக்கத்தைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.