மாமன் வண்டியும் மருமகன் வண்டியும்

சின்ன காஞ்சிபுரத்துக்கு ஜனங்கள் இரண்டு காரியமாகப் போவார்கள். ஒன்று, வரதராஜப் பெருமாளைச் சேவிக்க. மற்றொன்று, பட்டுப் புடவை எடுக்க. முதல் காரியத்துக்கென்று கிளம்பியவர்கள் இரண்டாவதையும் முடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்பது கணவன்மார் எல்லாரும் அறிந்த ரகசியம். சென்ற மாதம் நான் போனது இந்த இரண்டுக்கும் அல்ல. ஒரு மோட்டார் சைக்கிள் பஞ்சாயத்துக்கு!

அழைத்தவர், நான் பிறந்து வளர்ந்த தெருவில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர், பட்டு நெசவாளி. அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டே வளர்ந்தவன் நான்.

"தம்பி, நீ பத்திரிகைக்காரன். நாலும் தெரிந்தவன். வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ" என்று அண்ணி டெலிபோனில் சொன்னார். பத்திரிகைக்காரனுக்கு நாலும் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் உலகத்தில் இருக்கிறார்களே என்ற சந்தோஷத்தில் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

வழக்கு இதுதான். அவர்களுடைய ஒரே பையனுக்கு இருபத்து நாலு வயது. தறியில் உட்காரவில்லை, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அய்யம்பேட்டை, வாலாஜாபாத் வழியாகப் போக வேண்டும். போக மட்டுமே முப்பத்தைந்து கிலோமீட்டரை ஒட்டி வரும். ஓவர்டைம் பார்த்தால் கம்பெனி பஸ் போய்விடுகிறது. ஆகவே இரண்டு வருஷமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் சேர்த்துவிட்டான்.

எந்த மோட்டார் சைக்கிள் என்பதில்தான் தகராறு. பையனின் கண் இரண்டு யமஹாக்களின் மேல் இருந்தது. ஒன்று, அவனுடைய தாய்மாமன் 1991இல் வாங்கி இன்றைக்கும் கண் போலக் காப்பாற்றி வரும் ஆர்.எக்ஸ். 100. மற்றொன்று, கடையில் பளபளவென்று நிற்கும் புத்தம் புதிய ஆர் 15. மாமனின் வண்டியைப் பட்டணத்து ஆசாமி ஒருவர் பார்த்துவிட்டு, புது வண்டியின் விலையை எட்டிப் பிடிக்கிற தொகைக்குக் கேட்டிருக்கிறார். மாமனோ, "மருமகன் எடுத்துக்கொள்வதானால் பாதி கொடுத்தால் போதும். அவனுக்கு வேண்டாமென்றால் வெளியே தள்ளிவிடுகிறேன். பதினைந்து நாளில் பதில் சொல்லட்டும்" என்று தவணை வைத்துவிட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டிக்கா இவ்வளவு கிராக்கி என்று தாய்மார்கள் மூக்கின் மேல் விரலை வைக்கலாம். கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

1980களின் நடுவில் ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் நம் நாட்டுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக நுழைந்தன. 1984இல் நம்முடைய ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனம் சுஸுகியோடு சேர்ந்து நூறு ஸி.ஸி. வண்டியைக் கொண்டு வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா வந்தது. அதே வருஷக் கடைசியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் மூலம் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. அதுவரை மோட்டார் சைக்கிள் என்றால் பூதாகாரமான புல்லட், இல்லாவிட்டால் ராஜ்தூத், யெஸ்டி என்று இருந்த நாட்டில் இந்தக் குட்டி வண்டி செய்த அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. 98 ஸி.ஸி. இஞ்சின், 11 குதிரை சக்தி, நூறு கிலோவை ஒட்டிய எடை. பார்த்தால் பரம சாது. முறுக்கினால் பாய்ச்சல்!

இந்தப் பாய்ச்சலின் ரகசியம் டூ ஸ்ட்ரோக் இஞ்சின். சாதாரண நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பெட்ரோலை வெடித்துச் சக்தி கொடுக்கும். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் கொடுக்கும். அதனால் சின்ன இஞ்சினுக்குப் பெரிய வேகம். ஆனால் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிவதால் பின்னால் புகை மண்டலம். அரசாங்கம் புகைக் கட்டுப்பாட்டை இறுக்கியதும் 1996இல் ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு நின்றது. இனிமேல் செய்யமாட்டார்கள் என்று தெரிந்த பொருளுக்கு என்ன ஆகும்? விலை ஏறும். ஏறியது.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியது என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். ஜப்பானில் பணக்காரப் பிள்ளைகளுக்கு இதே தலைவலி கார் ரூபத்தில் வருகிறது. 1983இல் டொயோட்டா நிறுவனம் ஏ.இ. 86 என்ற 1.6 லிட்டர் காரை வெளியிட்டது. 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற சித்திரக் கதையில், தகப்பனாரின் கடைச் சரக்கை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பறக்கும் பையன் ஒருவன் கதாநாயகனாக வந்தான். அவ்வளவுதான், கார் காவியமாகிவிட்டது! 2012இல் அதே கம்பெனி '86' என்ற பெயரில் 2 லிட்டர் புதுக் கார் விட்டது, 2021இல் 2.4 லிட்டரில் அடுத்த அவதாரம். ஆனாலும் நல்ல நிலையிலுள்ள பழைய 86க்குப் புதுக் காரின் விலையைக் கேட்கிறார்கள். நமக்கு அந்தச் சபலம் வர வழியில்லை. வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இங்கே இறக்க வேண்டுமானால், அது தயாராகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது பொது விதி. (மிகப் புராதனமான கார்களுக்கு வேறு கணக்கு.) ஆகவே நம் ஊர்ப் பிள்ளைகளின் ஜப்பான் பந்தய ஆசை இரண்டு சக்கரத்தோடு நின்றுவிடுகிறது.

சரி, எதிர்க்கட்சியைப் பார்ப்போம். ஆர் 15 முதலில் வந்தது 2008இல். 2021இல் வந்த நாலாவது அவதாரத்தில் 155 ஸி.ஸி. இஞ்சின், நாலு ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிர்விக்கப்படுவது, ஆறு கியர், 18.4 குதிரை சக்தி. எடை 140 கிலோவுக்குச் சற்று மேல். எடையையும் சக்தியையும் வகுத்துப் பார்த்தால் புதுசுதான் உண்மையில் வேகமான வண்டி. ஆனால் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறவனைக் கேளுங்கள், மாமன் வண்டிதான் வேகம் என்பான்! காரணம் உண்டு. ஆர் 15 தன் முழுச் சக்தியையும் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றில்தான் வெளியிடும். அந்த இடத்துக்கு நம் ஊர்ச் சாலையில் யார் போகிறார்கள்? ஆர்.எக்ஸ். 100 தெரு முனையிலேயே தன் வீரத்தைக் காட்டிவிடும். புதுசு வேகமாகப் போகிறது. பழசு வேகமாகப் போவதாகச் சொல்கிறது. வாலிபப் பிள்ளைகளின் காதில் இரண்டாவதுதான் விழும்.

"மாமா வண்டியில் ஏறினால்தான் சித்தப்பா, வண்டி ஓட்டுகிற மாதிரியே இருக்கு. புதுசு நம்மை ஓட்டுகிறது" என்றான் பையன். வாஸ்தவம்தான், நானும் காலேஜில் படிக்கும்போது ஒரு சிநேகிதனின் ஆர்.எக்ஸ். 100ஐ இரவல் வாங்கி ஓட்டியவன்.

பேச்சை வளர்ப்பானேன் என்று இரண்டு வண்டிகளையும் சோதித்துப் பார்த்தோம். மாமன் தம் வண்டியோடு வந்தார். பையனின் சிநேகிதன் ஒருவன் தன் ஆர் 15ஐக் கொண்டு வந்தான். முதல் நாள் இரவு மழை பெய்து ரஸ்தா ஈரமாக இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கிளைச் சாலையில், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரையில் கிழித்த கோட்டில் பிரேக் போடுவது என்று ஏற்பாடு.

மாமன் வண்டியில் முதலில் நான் வந்தேன். கோட்டில் பிரேக்கை அழுத்தினேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டியின் வால் ஒரு பக்கமாக நழுவியது. காலை ஊன்றிச் சமாளித்து நிறுத்துவதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. மாமன் மேல் தப்பில்லை. வண்டி மேலும் தப்பில்லை. அந்தக் காலத்து டிரம் பிரேக் அப்படித்தான். உள்ளே ஈரம் புகுந்தால் பிடிப்பும் குறையும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் டூ ஸ்ட்ரோக் இஞ்சின் வண்டியை அவ்வளவாகப் பிடித்து இழுக்காது.

அடுத்தது ஆர் 15. அதே கோடு, அதே ஈரம், அதே பயந்தாங்கொள்ளி. பிரேக்கைப் பிடித்தேன். கையில் நாடி துடிப்பது போல் ஒரு துடிப்பு. வண்டி நேர்கோட்டில் வந்து நின்றது. இதற்கு ஏ.பி.எஸ். என்று பெயர். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதைக் கண்டுபிடித்து, ஒரு விநாடிக்குள் பல தடவை பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கும் சாமர்த்தியம். 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் இது இருந்தாக வேண்டும் என்று 2019 ஏப்ரலிலிருந்து சட்டமே வந்துவிட்டது.

பையன் ஒன்றும் பேசவில்லை. மாமன் மட்டும், "நான் முப்பது வருஷமாக விழவில்லையே" என்றார்.

"நீங்கள் பகலில் ஓட்டினீர்கள். அவன் ராத்திரி பதினோரு மணிக்குக் கல் லாரிகளுக்கு நடுவே வாலாஜாபாத் ரோட்டில் வர வேண்டுமே" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். அங்கே எதிர்பாராத ஆட்சேபம் ஒன்று காத்திருந்தது. வாசலில் நின்ற ஆர் 15ஐ அண்ணி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின் பக்கத்தில் தவளை முதுகு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும் சின்ன ஆசனத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதிலே நான் எங்கேடா உட்காருவது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி! ஆர்.எக்ஸ். 100இன் ஆசனம் திண்ணை மாதிரி நீளமாக, சமமாக இருக்கும். புடவை கட்டியவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து கோயிலுக்கும் போகலாம், கல்யாணத்துக்கும் போகலாம். ஆர் 15இல் பின்னால் ஏற ஒரு தேர்ந்த சர்க்கஸ்காரி வேண்டும். பையனின் முகத்தில் மறுபடியும் பிரகாசம். மாமன் வண்டிக்கு வக்கீல் கிடைத்துவிட்டாரே!

அண்ணன் அதுவரை தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தெருவிலே பழைய பட்டுப் புடவை வாங்க வருகிறானே, அவன் இது எத்தனை வருஷத்துப் புடவை என்றா கேட்கிறான்? ஜரிகையை உரசிப் பார்க்கிறான். வெள்ளி இருந்தால் விலை. இல்லாவிட்டால் நடையைக் கட்டுகிறான். மச்சான் வண்டியிலே வெள்ளி இருக்கு, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளி ஜரிகைப் புடவையைத் தினம் கட்டிக்கொண்டு யாராவது அடுப்பங்கரையில் நிற்பார்களா?"

பழைய வண்டி வாங்க நினைக்கும் மற்றவர்களும் இந்த உரைகல்லை எடுத்துக்கொள்ளலாம். இஞ்சின் நம்பரும் சட்ட நம்பரும் ஆர்.ஸி. புத்தகத்தோடு ஒத்துப் போகின்றனவா? பதினைந்து வருஷம் ஆன பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டியிருக்கிறார்களா? சிலிண்டரை எத்தனை தடவை ரீபோர் செய்திருக்கிறார்கள்? ஒவ்வொரு ரீபோருக்கும் சிலிண்டரின் துவாரம் பெரிதாகும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எண்ணெய் வற்றினால் பிஸ்டன் ஓடுகிற ஓட்டத்திலேயே பிடித்துக்கொண்டு பின் சக்கரம் நின்றுவிடும் என்பது தெரியுமா? அந்தக் கணத்தில் கிளச்சைப் பிடிக்கக் கை தயாரா? இத்தனைக்கும் 'ஆம்' என்று சொல்லக் கூடியவருக்கு ஆர்.எக்ஸ். 100 ஒரு பொக்கிஷம். ஞாயிற்றுக்கிழமைப் பொக்கிஷம்!

கடைசியில் தீர்ப்பைச் சொன்னது நான் அல்ல, அண்ணிதான். மகனைப் பார்த்துச் சொன்னார்:

"என்னை ஏற்றிக்கொண்டு போக வண்டி வேண்டாம்டா. நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். நீ திரும்பி வருவதற்கு ஒரு வண்டி வாங்கு."

அதற்கு மேல் எந்தப் பஞ்சாயத்தார் பேச முடியும்?

பையன் ஆர் 15 வாங்கிவிட்டான். மாமனின் வண்டியைப் பட்டணத்து ஆசாமி எடுத்துக்கொண்டு போனார். "ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றேன். வேண்டாம், கூடத்தில் வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மினி லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டான்" என்று மாமன் என்னிடம் டெலிபோனில் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. மருமகனோடு இப்போதுதான் சரியாகப் பேச ஆரம்பித்திருக்கிறார்.

போன வாரம் அண்ணியைக் கேட்டேன், "புது வண்டி எப்படி இருக்கிறது?" என்று.

"நல்ல வண்டிதான் தம்பி. ஆனால் சத்தமே இல்லை. எங்கள் அண்ணன் வண்டி என்றால் தெரு முனை திரும்பும்போதே காதில் விழுந்துவிடும். சாதத்தைச் சுட வைக்கலாம். இது வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது. அதுவரைக்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.