பள்ளிக்கூடத்து வயலின்



போன மாதம் அஸ்வெசும மேன்முறையீட்டுப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிற வேலையாக விசுவமடுப் பக்கம் போயிருந்தேன். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கிற நேரம் ஓர் அக்கா படலையில் நின்று கையைக் காட்டினார். முகம் தெரிந்த அக்காதான். 2009 மே மாதத்துக்குப் பிறகு கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கோழி வளர்ப்பும் தையலுமாக இரண்டு பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர்.

“தங்கச்சி, இவளோட ஒருக்காக் கதையுங்கோ. படிச்சது காணும் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா பாட்டுத்தான் படிக்கப் போறன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள்.”

மூத்த பிள்ளை உள்ளேயிருந்து வந்தாள். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்திருந்தது. கர்நாடக சங்கீதத்துக்கு ஏ, தமிழுக்கு பி, இந்து நாகரிகத்துக்கு சி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு வருடம் அங்கே படிப்பித்த ஒரு ரீச்சரிடம் வயலின் பழகியவள். தகப்பன் கோயில் பஜனையில் மிருதங்கம் வாசித்தவராம். அவர் போனபோது இவளுக்கு மூன்று வயது. அவர் வாசித்தது அவளுக்கு நினைவில்லை. தாய்க்கு நினைவிருக்கிறது. அந்த வீட்டுப் பிரச்சினையில் பாதி அதுதான் என்று எனக்கு விளங்கப் பிந்தியது.

விண்ணப்பப் படிவத்தின் பிரதியைக் கொண்டுவந்து காட்டினாள். ரியூசன் மாஸ்ரர் ஒருவர் எழுதிக் கொடுத்த வரிசை. முதலாவது கலைப்பீடம், இரண்டாவதும் இன்னொரு பல்கலைக்கழகத்துக் கலைப்பீடம், அதற்குக் கீழே நாலாவதாக இசை. “பாதுகாப்புக்கு அப்பிடிப் போடச் சொன்னவர்” என்றாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் படிவம் நிரப்புகிற பிள்ளை இருந்தால் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்து வாசியுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் நீங்கள் எழுதுகிற வரிசைதான் விருப்பம். பிள்ளையின் இசட் புள்ளி மேலே எழுதிய ஒன்றுக்குப் போதுமென்றால் அது கிடைத்துவிடும். கீழே எழுதியவற்றைப் பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. கலைப்பீடத்துக்குப் புள்ளி காணுமான பிள்ளை அதை மேலே போட்டால், கீழே கிடக்கும் இசை வெறும் அலங்காரம். பாதுகாப்புக்கு எழுதுவதைக் கீழேதான் எழுத வேண்டும். அவளுடைய வரிசை தலைகீழாக இருந்தது. நல்ல காலம், இறுதித் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

இசைக்கு இன்னொரு படியும் உண்டு. புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் நடத்துகிற செயன்முறைத் தேர்வுக்கும், அதாவது உளச்சார்புப் பரீட்சைக்கும், தோற்றிச் சித்தியடைய வேண்டும். அதற்கான அறிவித்தல் தனியாக வரும், விண்ணப்பமும் தனியாக அனுப்ப வேண்டும். பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் போடுவார்கள். வீட்டு வாசலில் வந்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நானும் சங்கீதம் படித்தவள். வட இலங்கை சங்கீத சபையின் நாலாந்தரம் வரைக்கும் வாய்ப்பாட்டு எழுதினேன். 2009 ஓகஸ்டில் வவுனியா முகாமில் இருந்துகொண்டுதான் உயர்தரம் எழுதினேன். பெறுபேறு வந்து படிவமும் அனுப்பினேன். தேர்வு என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்தபோது அது முடிந்து மூன்று கிழமை. யாரையும் குறை சொல்ல முடியாத காலம் அது; பேப்பர் ஒன்று கைக்குக் கிடைத்தாலும் காணாமல் போனவர்களின் படங்களைத்தான் முதலில் பார்ப்போம். பிறகு யாழ்ப்பாணத்தில் சமூகவியல் கிடைத்தது. அதைப் படித்ததில் எனக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் மருதனார்மடச் சந்தியால் பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

அந்த மருதனார்மடம்தான் பிள்ளை முதலில் நினைத்திருந்த இடம். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரில் அவருடைய மருமகன் சு. நடேசபிள்ளை 1960 இல் தொடங்கிய இசைக் கல்லூரி அது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரிய வித்துவான்கள் இந்தியாவிலிருந்து வந்து பொறுப்பாக இருந்து கற்பித்த இடம். 1975 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு சேர்ந்தது. இப்போது ஒரு பீடமாகவே உயர்ந்துவிட்டது. ஊரில் இன்னும் ‘இராமநாதன் அக்கடமி’ என்றுதான் சொல்கிறோம். வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் என்று துறை பிரித்துப் படிக்கலாம். நாலு வருடப் பட்டம்.

மற்றது மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இசை, நடனம், நாடகம், கட்புலக்கலை எல்லாம் ஒரே வளவுக்குள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழர் யாழைத் தேடி எத்தனையோ வருடம் உழைத்து, 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றி, அடுத்த மாதமே கண்மூடினார். அவருடைய பெயரில் ஓர் இசைக்கூடம் இருப்பது எவ்வளவு பொருத்தம்! கொழும்பில் 2005 இல் தனிப் பல்கலைக்கழகமான கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகமும் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் சிங்கள மொழிமூலம், வட இந்திய இசை. நம் பிள்ளைக்கு அது சரிவராது.

“மட்டக்களப்பு எண்டா நான் விடமாட்டன்” என்றார் தாய். அங்கேயிருந்து பஸ்ஸில் ஒரு பகல் போய்விடும். பகிடிவதைப் பயம், விடுதிப் பயம், தனியே பிள்ளையை விடுகிற பயம். இந்தப் பயங்களைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வராது. ஒருவரைக் கண்முன்னே தொலைத்த வீட்டில் பிள்ளை கண்ணுக்கெட்டாத் தூரம் போவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்காகப் பொய்யாகத் தைரியம் சொல்லவும் கூடாது. பகிடிவதை இன்னும் இருக்கிறது. அதற்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குள்ளும் மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிட வழி இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பிள்ளை தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதல் கிழமை ஒவ்வொரு இரவும் போன் எடுக்க வேண்டும். முதல் வருடத்தில் விடுதி கிடைக்குமா என்பதை அங்கே ஏற்கெனவே படிக்கிற ஒரு பிள்ளையிடம் கேட்டால் உண்மையான பதில் வரும்.

இன்னொன்றையும் சொன்னேன். சங்கீதம் கற்பது குருவின் முன்னே உட்கார்ந்து, தனித்தனியாகத்தான். குருவிடம் மரியாதை வேண்டும். ஆனால் மரியாதையின் பெயரால் எதையும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதையும் போகிற பிள்ளைக்குத் தாயே வாய்விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை குனியவில்லை.

கனடாவிலிருக்கும் மாமன் வேறு ஒரு யோசனை சொல்லியிருந்தார். சென்னைக்கு அனுப்பு, காசு நான் தருகிறேன், அங்கேதான் சங்கீதம் என்று. சென்னையில் நல்ல இடங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ருக்மிணி தேவி 1936 இல் தொடங்கிய கலாக்ஷேத்திராவும் அங்கேதான். இந்திய அரசின் புலமைப்பரிசில்களும் உண்டு. அந்த விபரங்களை 2010 இல் திறந்த யாழ்ப்பாண இந்தியத் துணைத்தூதரகத்தில் விசாரிக்கலாம். ஆனால் புறப்பட முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முடிவில் கிடைப்பது பட்டமா, டிப்ளோமாவா? பட்டமென்றால் இங்கே மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்ளுமா? கைநிறையச் சான்றிதழோடு திரும்பி வந்து, பட்டதாரி நியமனத்துக்கு இது காணாது என்று கேட்டு அழுத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மாமனின் நல்ல மனதுக்கு நன்றி சொல்லிவிட்டு, நாலு வருடமும் தொடர்ந்து அனுப்புவாரா என்பதையும் யோசிக்கத்தானே வேண்டும்? இங்கே பல்கலைக்கழகத்தில் கற்கைக்குக் கட்டணமில்லை. மகாபொல அல்லது மாணவர் உதவு பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது சேர்ந்த அன்றைக்கே கையில் வராது. முதல் சில மாதத்துக்குச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசு ஒதுக்கி வைக்க வேண்டும்.

“அப்ப படிச்சு முடிய வேலை?” தாயின் கடைசிக் கேள்வி இது. கடைசியாகக் கேட்டாலும் முதலாவதாக மனதில் இருந்தது. 2017 இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக வீதியோரம் பந்தலில் இருந்ததை எல்லோரும் பார்த்தோம். இசைப் பட்டதாரிக்குப் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர் வேலைதான். அதற்கும் காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் கல்வியியற் கல்லூரியையும் மறக்க வேண்டாம் என்றேன். இரண்டு வருடம் தங்கிப் படித்து, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி எடுத்து ஆசிரியராகிற வழி அது. இவ்வளவு காலமும் அப்படித்தான் நடந்து வந்தது. சங்கீதத்துக்கு எந்தக் கல்லூரியில் எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பதை வர்த்தமானியில்தான் பார்க்க வேண்டும். ஆசிரியராக வேண்டும் என்பதே நோக்கமென்றால் அது கிட்டிய பாதை. வயலின் வாசிக்க வேண்டும் என்பது நோக்கமென்றால் பல்கலைக்கழகம்.

“உனக்கு எது?” என்று கேட்டேன்.

“வாசிக்க வேணும் மிஸ்.”

எங்கள் சமூகத்தில் பெண் பிள்ளை சங்கீதம் படிப்பது கலியாணப் பேச்சில் சேர்த்துக்கொள்ள ஒரு தகுதியாகத்தான் இருந்து வந்திருக்கிறது. ‘பிள்ளைக்குச் சங்கீதமும் தெரியும்’ என்பார்கள். கலியாணம் முடிந்த அடுத்த மாதம் வீணை பரணில். இவள் சொன்னது அந்தக் கணக்கில் இல்லை.

நான் தொடர்ந்து பேசினேன். எந்த இடம் பெரிது, எது பழையது என்பதைவிட உன்னுடைய வாத்தியத்துக்கு அங்கே யார் கற்பிக்கிறார்கள், ஒரு கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் அவர்முன் உட்காரலாம், பாடம் இல்லாத நேரம் சாதகம் செய்ய இடம் இருக்குமா என்பதையெல்லாம் விசாரி. உன் ரீச்சரிடமே கேள். இரண்டு இடத்துத் தேர்வுக்கும் விண்ணப்பி. ஒன்றில் திகதி தவறினாலும் மற்றது இருக்கும். சொல்லிக்கொண்டே போனவள், தேர்வுக்கு என்ன வாசிக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

பிள்ளை பேசவில்லை. இடது கையை நீட்டினாள். வயலின் பழகியவர்களுக்கு விரல் நுனியில் தந்தி பட்டுக் காய்ப்பு இருக்கும். இவளுடைய விரல்கள் குழந்தையின் விரல் போல மெத்தென்று இருந்தன.

“சோதினை முடிஞ்ச கையோட வயலினைப் பள்ளிக்கூடத்திலை குடுத்திட்டன். அது பள்ளிக்கூடத்து வயலின்.”

எவ்வளவு நேரம் யூனிகோட்டைப் பற்றியும் விடுதியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்! பரீட்சை முடிந்து மாதக்கணக்காக அந்தப் பிள்ளை தந்தியைத் தொடவில்லை. வாய்ப்பாட்டென்றால் அடுப்படியில் நின்றும் பாடலாம். வயலின் பிள்ளை காற்றிலா வாசிப்பது? அரசாங்கப் பாடசாலையில் வாத்தியம் படித்து, வீட்டில் சொந்தமாக வாத்தியம் இல்லாத எத்தனை பிள்ளைகள் இப்படி விலகிய நாளோடு கைவிட்டிருப்பார்கள் என்று நான் ஒருநாளும் கணக்கெடுத்ததில்லை.

அடுத்த நாள் அதிபரிடம் போனோம். தாயும் வந்தார். பாடசாலைப் பொருள், பதிவேட்டில் உள்ள சாமான், பழைய மாணவிக்குக் கொடுக்க முடியுமா என்று அதிபர் யோசித்தார். நியாயமான யோசனைதான். நான் ஒரு கடிதம் எழுதினேன்: தேர்வு முடியும்வரை இரவல், சேதமானால் திருத்திக் கொடுப்பது. கீழே தாய் கையெழுத்து வைத்தார், நான் சாட்சி. கூடவே ஒரு நிபந்தனை, கிழமைக்கு ஒருநாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரளிவரிசை சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று. அதிபரே யோசித்துச் சொன்னது. பிள்ளைக்கு வாயெல்லாம் பல். உங்கள் ஊரிலும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். கேட்காத இடத்தில் யாரும் தரப்போவதில்லை.

படிவத்தின் வரிசையை மாற்றி எழுதினோம். மருதனார்மடம் முதலாவது, கல்லடி இரண்டாவது, கலைப்பீடங்கள் கீழே. கல்லடியை எழுதும்போது தாய் வெளியே போய்க் கோழிக்குத் தீன் போட்டார். தடுக்கவில்லை.

போன கிழமை மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். பிள்ளை உள்ளே மாயாமாளவகௌளை வாசித்துக்கொண்டிருந்தாள். சுருதி அங்கங்கே சறுக்கியது, மறுபடி பிடித்தாள். தாய் வெளிவிறாந்தையில் மெசினில் இருந்தார். தைக்கவில்லை. என்னைக் கண்டதும் காலை மிதிக்கத் தொடங்கினார்.

“அவரும் இப்பிடித்தான், பிழைச்ச இடத்தையே திருப்பித் திருப்பி...” என்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

“மேல்தந்தி ஒண்டு அறுந்துபோற மாதிரி நிக்குதாம். யாழ்ப்பாணம் போறியள் எண்டா, ரெண்டாய் வாங்கிக்கொண்டு வாங்கோ தங்கச்சி.”