காந்தத் திருப்புளியும் காலாவதியான அச்சமும்

காந்த முனை கொண்ட திருப்புளியைக் கணினிப் பெட்டிக்குள் நுழைக்கலாகாது என்னும் விலக்கு ஆய்வகங்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. காரணம் கேட்டால், தரவு அழிந்துவிடும் என்ற விடை வரும். அவ்விடைக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. இந்தியாவில் அந்தக் காலம் தொடங்கிய நகரம் கொல்கத்தா.

மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து வந்த எச்.இ.சி.-2எம், இந்தியாவின் முதல் மின்னணு இலக்கக் கணினி. அதன் நினைவகம் ஒரு சுழலும் காந்த உருளை. கொள்ளளவு 1024 சொற்கள். எண்கள் யாவும் உருளையின் மேற்பூச்சில் காந்தப் பதிவுகளாகத் தங்கின. அத்தகைய பரப்பின் அருகே காந்தக் கருவியைக் கொண்டுசெல்லத் தயங்குவது அறிவுடைமையே. பின்னர் வந்த ஃபிளாப்பி வட்டும் எளிதில் அழியக்கூடியது. படக்குழாய்த் திரையோ காந்தம் நெருங்கினாலே நிறம் திரிந்தது. விலக்கு வேர்விட்டது இந்த மண்ணில்தான்.

இன்று அந்த மண் இல்லை. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் தரவை மின்னூட்டமாகவே காக்கின்றன. திருப்புளி முனையின் காந்தம் அதைத் தொடுவதில்லை. ஹார்டு டிஸ்க் இன்னும் காந்தப் பதிவையே நம்புகிறது. ஆயினும் அதன் தட்டுகளை மாற்றி எழுத ஆயிரக்கணக்கான ஓர்ஸ்டெட் அளவிலான புலம் வேண்டும். திருப்புளியின் புலம் அதற்கு வெகு கீழே நிற்பது. தொலைவு கூடக்கூட விரைந்து தேய்வதும்கூட. போதாததற்கு, எழுதுமுனையின் கையை அசைக்கும் வலிய நியோடிமியக் காந்தங்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே, தட்டுகளின் பக்கத்திலேயே குடியிருக்கின்றன. தனியான பெரிய நியோடிமியக் காந்தத்தை ஹார்டு டிஸ்க்கின் மேல் வைப்பது வேறு செய்தி. அதைத் தவிர்ப்பதே முறை.

மறுபுறம், காந்த முனையால் உண்மையான நன்மை உண்டு. கைநழுவிய சிறு திருகாணி மதர்போர்டின் அடியில் ஒளிந்துகொண்டால், மின்சாரம் பாயும்போது குறுக்குச்சுற்று நேரலாம். காந்த முனை அதை விழவிடாது. முனையில் ஒட்டும் இரும்புத்துகளை அவ்வப்போது துடைத்தால் போதும்.

அஞ்ச வேண்டியது வேறொன்று: நிலைமின்சாரம். மனித உடல் அதன் பாய்ச்சலை உணர ஏறத்தாழ 3000 வோல்ட் தேவை. சில சில்லுகள் பழுதாகச் சில நூறு வோல்ட்டே போதும். எனவே கேடு விளைந்ததைக் கை அறியாது. கொல்கத்தாவின் மழைக்கால ஈரம் மின்னூட்டம் சேர்வதைக் குறைக்கும். குளிர்கால வறட்சியும் குளிரூட்டிய அறையும் அதைக் கூட்டும். மின்னிணைப்பைப் பிடுங்குதல், 1 மெகாஓம் தடை கொண்ட மணிக்கட்டுப் பட்டை அணிதல், பலகையை ஓரங்களில் பிடித்தல் ஆகியவையே கற்பிக்கத் தக்க ஒழுங்குகள். காந்தத்தின்மேல் பழிபோடும் ஆய்வகத்தில் இவை பின்தள்ளப்படுகின்றன. உண்மைக் குற்றவாளி தப்பிவிடுகிறது.

இழப்பு பழுதான உதிரிப்பாகத்தோடு முடிவதில்லை. காரணமின்றி ஒரு விதியை ஏற்கப் பழகிய மாணவர் அடுத்த விதியையும் அவ்வாறே ஏற்பார். இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி 1966இல் ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்ற டிரான்சிஸ்டர் கணினியைத் தாமே உருவாக்கிய நகரம் இது. அந்த மரபுக்கு உரிய ஆய்வகச் சுவரில் விலக்குகளின் பட்டியல் மட்டும் தொங்குவது போதாது. ஒவ்வொரு விலக்கின் அருகிலும் அதன் காரணம் எழுதப்பட வேண்டும். காரணம் எழுத இயலாத விதியை அன்றே அழித்துவிடலாம்.